வாக்குக் கணக்கும் போர்நிறுத்தமும்: நிக்ஸன் 1972, சந்திரிகா 1994

திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கிழக்கிந்தியக் கும்பினிப் படை 1783-இல் பிடித்தது. மறு ஆண்டு மங்களூரில் திப்பு சுல்தானோடு உடன்படிக்கை ஆனதும் கோட்டை மைசூர் வசம் திரும்பிப் போனது. 1790-இல் கும்பினி மறுபடியும் பிடித்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை திண்டுக்கல் சீமையைக் கும்பினிக்கே எழுதிக் கொடுத்தது. பத்தாண்டுக்குள் மூன்று முறை கைமாறிய ஊர் இது. சமாதானம் பேசியவர்கள் மங்களூரிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே உழுது வரி கட்டியவரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னர் காலத்தில் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

தேர்தல் நடக்கும் நாட்டில் நிலைமை வேறு. அங்கே ஆள்பவர் சமாதானம் பேசும்போது ஒரு கண் மக்கள்மீதுதான் இருக்கும். எந்த மக்கள்மீது என்பதே என் கேள்வி. போரையும் வாக்கையும் ஒரே நேரத்தில் எடைபோட்ட இரண்டு தலைவர்களை அதற்காகப் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்ஸன், 1972. மற்றவர் இலங்கையின் சந்திரிகா குமாரதுங்க, 1994.

மேலோட்டமாகப் பார்த்தாலே இருவருக்கும் இடையிலான ஒற்றுமைகள் வியப்பூட்டும். இருவருக்கும் அக்டோபரில் பேச்சுவார்த்தை, நவம்பரில் தேர்தல். நிக்ஸன் நவம்பர் 7 அன்று 60.7 விழுக்காடு வாங்கினார். ஐம்பது மாநிலங்களில் மாசசூசெட்ஸ் ஒன்றுதான் கைவிட்டது (தலைநகர் வாஷிங்டனும் எதிர்த்து வாக்களித்தது). சந்திரிகா நவம்பர் 9 அன்று 62.28 விழுக்காடு வாங்கினார். 160 தேர்தல் தொகுதிகளில் மகியங்கனை ஒன்றைத் தவிர மற்ற அனைத்திலும் முன்னிலை. அந்த நாடுகளின் வரலாற்றில் அரிதான வெற்றிகள். இரண்டு வெற்றிக்கும் பின்னால் வந்தது குண்டுவீச்சு. நிக்ஸனுக்கு அதற்கு ஆறு வாரம் ஆயிற்று. சந்திரிகாவுக்கு ஐந்து மாதத்தில் போர்நிறுத்தம் முறிந்தது, எட்டு மாதத்தில் விமானங்கள் பறந்தன.

ஒற்றுமை இதோடு நிற்கிறது. காரணங்கள் வேறு, குற்றத்தின் எடையும் வேறு.

நிக்ஸனைப் புரிந்துகொள்ள நான்கு ஆண்டு பின்னே போக வேண்டும். 1968 அக்டோபர் 31 அன்று அதிபர் ஜான்சன் வடவியட்நாம்மீது குண்டுவீச்சை நிறுத்துவதாக அறிவித்தார். பாரிஸில் பேச்சு தொடங்கப்போகிறது என்ற நம்பிக்கையில் அவர் கட்சி வேட்பாளர் ஹம்ப்ரிக்கு ஆதரவு கூடியது. இரண்டு நாளில் தென்வியட்நாம் அதிபர் தியூ, பாரிஸுக்கு வரமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். நிக்ஸன் தரப்பு அன்னா செனால்ட் என்ற பெண்மணி வழியாகச் சைகோனுக்கு ரகசியமாகச் செய்தி அனுப்பி வந்தது. அந்த முயற்சியைத் தொடரச் சொன்னவர் நிக்ஸனே என்பதை அவருடைய உதவியாளர் ஹால்டிமனின் கைப்பட எழுதிய குறிப்புகள் பல பத்தாண்டு கழித்துக் காட்டின. தேர்தலில் நிக்ஸன் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். தேர்தல் வாரத்தில் சமாதானப் பேச்சு என்ன செய்யும், அது கெட்டுப்போனால் யாருக்கு லாபம் என்பதை அவர் அனுபவித்தே கற்றார். கற்ற பாடத்தை மறக்கவில்லை.

அவர் பக்கத்தில் ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர். 1970 டிசம்பரில் ஹால்டிமன் தன் நாட்குறிப்பில் ஒரு செய்தியைப் பதிந்திருக்கிறார். 1971-இலேயே படைகள் அனைத்தையும் திரும்ப அழைத்துவிடலாமா என்ற பேச்சு எழுகிறது. கிஸ்ஸிங்கர் வேண்டாம் என்கிறார். அப்படிச் செய்தால் 1972-இல் அங்கே ஏதாவது குழப்பம் வெடிக்கும், அது தேர்தலைப் பாதிக்கும், 1972 முடிவில் எல்லோரும் வெளியேறும்படி வைத்துக்கொள்வதே நல்லது என்பது அவர் யோசனை. படை எப்போது திரும்பும் என்பதைப் போர்க்களம் தீர்மானிக்கவில்லை. தேர்தல் நாள் தீர்மானித்தது. நிக்ஸன் பதவியேற்ற பின் மட்டும் வியட்நாமில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். வியட்நாமியரின் எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு.

வெள்ளை மாளிகையில் 1971 பிப்ரவரி முதல் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. நிக்ஸனே வைத்தது அது. அதனால்தான் ஓர் அதிபரும் ஆலோசகரும் தனியறையில் எப்படிப் பேசினார்கள் என்பது இன்று நமக்குக் கேட்கிறது. 1972 ஆகஸ்ட் 3 அன்றைய பதிவைப் படித்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். தென்வியட்நாம் எப்படியும் பிழைக்கப்போவதில்லை என்று நிக்ஸன் சொல்கிறார். இந்த ஆண்டு தேர்தலில் வெல்வது மிக முக்கியம் என்கிறார். ஓரிரு ஆண்டில் வடக்கு தெற்கை விழுங்கிவிட்டால் நம் வெளியுறவுக் கொள்கை என்னவாகும் என்று கேட்கிறார். கிஸ்ஸிங்கரின் பதில்: தென்வியட்நாமியரின் திறமைக் குறைவால்தான் விழுந்தது என்று தோன்றினால் நமக்குச் சிக்கல் இல்லை, ஓராண்டு, இரண்டாண்டு தாக்குப்பிடிக்கும்படி ஓர் ஏற்பாடு போதும், அதற்குப் பிறகு யாரும் கவலைப்படமாட்டார்கள். இருவரும் சண்டை போடவில்லை, குரல் உயர்த்தவில்லை. வீட்டுக் கணக்கு பார்ப்பதைப்போல ஒரு நாட்டின் ஆயுளைக் கணக்குப் பார்த்தார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில் நிக்ஸனுக்குத் தோல்வி பயம் இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. பிப்ரவரியில் சீனா, மே மாதம் மாஸ்கோ என்று போய்வந்தவருக்குக் கருத்துக்கணிப்புகளில் எதிர்வேட்பாளர் மெக்கவர்னைவிட இருபது புள்ளிக்கும் மேலான முன்னிலை. அக்டோபர் 8 அன்று பாரிஸில் வடவியட்நாமின் லெ டுக் தோ முக்கியமான விட்டுக்கொடுப்போடு வந்தார். சில நாட்களில் வரைவு தயாராகிவிட்டது. கிஸ்ஸிங்கருக்கு அவசரம், தேர்தலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று துடித்தார். அவர் கணக்கில் ஒரு நியாயமும் உண்டு. மீண்டும் வென்ற நிக்ஸன் இன்னும் கடுமையாவார் என்று ஹனோய் அஞ்சியது, அந்த அச்சம் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடலாம் என்பது அது. அமெரிக்கக் கருத்துக்கணிப்பை ஹனோயும் வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தது. நிக்ஸனுக்கோ அவசரமே இல்லை. தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் கையெழுத்தானால் வாக்குக்காகச் செய்த தந்திரம் என்பார்கள். தியூ வெளிப்படையாக எதிர்த்தால் இன்னும் மோசம். கையிலிருக்கும் முன்னிலைக்குச் சமாதானம் எதையும் கூட்டப்போவதில்லை. ஆகவே தேர்தலுக்குப் பிறகு ஆகட்டும்.

தியூவுக்கு வரைவு காட்டப்பட்டது அக்டோபர் மூன்றாம் வாரத்தில், அதுவும் ஆங்கிலத்தில். வடவியட்நாம் படைகள் தெற்கிலேயே இருக்கும், அமெரிக்கர் அறுபது நாளில் போய்விடுவார்கள் என்று அதில் கண்டிருந்தது. தன் நாட்டின் முடிவைக் கூட்டாளியின் மொழியில் படித்துத் தெரிந்துகொண்ட மனிதர் மறுத்ததில் என்ன வியப்பு? அவர் நல்ல ஆட்சியாளர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மறுப்பு அவருடைய சொந்த நாட்டைப் பற்றியது. ஹனோய் அக்டோபர் 26 அன்று வரைவை வானொலியில் வெளியிட்டது. அன்றே கிஸ்ஸிங்கர் செய்தியாளர்முன் வந்து அமைதி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாக அறிவித்தார். பன்னிரண்டு நாளில் வாக்குப்பதிவு.

டிசம்பர் 18 முதல் 29 வரை, கிறிஸ்துமஸ் அன்று மட்டும் விட்டு, ஹனோய்மீதும் ஹைபோங்மீதும் பி-52 விமானங்கள் குண்டு பொழிந்தன. வியட்நாமியக் கணக்கில் 1,600-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். பாக் மாய் மருத்துவமனை இடிந்தது. 1973 ஜனவரி 27 அன்று பாரிஸில் ஒப்பமிட்ட உடன்படிக்கை, அக்டோபர் வரைவிலிருந்து பெரிதாக மாறவில்லை. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தது. ஓராண்டு, இரண்டாண்டு என்று தனியறையில் பேசிய கணக்கு ஏறக்குறையப் பலித்தது.

இனி இலங்கைக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்த 1994 வேறொரு நாட்டு அரசியல் செய்தியாக மட்டும் இருக்கவில்லை.

பதினேழு ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சியின் ஆட்சி. நடுவில் 1983 இனக்கலவரம், 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம், 1990-இல் மறுபடி போர். சந்திரிகாவின் தந்தை பண்டாரநாயக்கா 1959-இல் சுடப்பட்டார். கணவர் விஜய குமாரதுங்க 1986-இல் யாழ்ப்பாணம் போய் விடுதலைப் புலிகளைச் சந்தித்துவிட்டு வந்த சிங்கள நடிகர். 1988 பிப்ரவரியில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த வரலாற்றோடு வந்த பெண் சமாதானம் என்று சொன்னபோது அதை வெறும் மேடைப்பேச்சு என்று ஒதுக்க முடியவில்லை. அன்றைய இலங்கையில் அமெரிக்காவைப்போல வாராவாரம் வெளிவரும் கருத்துக்கணிப்பு கிடையாது. ஒவ்வொரு தேர்தலும் அடுத்த தேர்தலுக்கான கணிப்பு. 1994 மார்ச்சில் தென்மாகாண சபைத் தேர்தலில், அதாவது சிங்களத் தெற்கின் நடுவிலேயே, சந்திரிகாவின் மக்கள் கூட்டணி வென்றது. ஆகஸ்ட் 16 நாடாளுமன்றத் தேர்தலில் 225-இல் 105 இடம். முஸ்லிம் காங்கிரஸ் முதலியோர் ஆதரவோடு அவர் பிரதமரானார்.

(திண்டுக்கல்காரர்களுக்கு இப்படி ஒரு சிறு தேர்தல் பெரிய தேர்தலைச் சொல்லிவிடும் என்பது பழக்கமான செய்தி. 1973 மே மாதம் இங்கே நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மாயத்தேவர் வென்றதுதான் எம்.ஜி.ஆர். கட்சியின் முதல் வெற்றி. நான்கு ஆண்டில் சென்னைக் கோட்டையே கைமாறியது.)

வடக்கின்மீதிருந்த பொருளாதாரத் தடை ஓரளவு தளர்ந்தது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பேட்டரியும் கிடைக்காமல் நான்கு ஆண்டு கழித்த யாழ்ப்பாணம் அது. சைக்கிளைச் சுழற்றி டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் சந்திரிகாவின் குரலைக் கேட்டார்கள். அவர் பெயரில் காப்பு விற்றது. யாழ்ப்பாணப் பெண்கள் 'சந்திரிகா காப்பு' வாங்கி அணிந்தார்கள். ஒரு சிங்களத் தலைவருக்கு வடக்கில் இப்படியொரு வரவேற்பு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. அக்டோபர் 13, 14 தேதிகளில் அரசுக் குழு ஹெலிகாப்டரில் யாழ்ப்பாணம் இறங்கியபோது மக்கள் திரண்டு நின்று வரவேற்றார்கள்.

இரண்டாம் சுற்றுப் பேச்சு நெருங்கிய வேளையில், அக்டோபர் 23 நள்ளிரவை ஒட்டி, கொழும்பு தொட்டலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சியின் அதிபர் வேட்பாளர் காமினி திசாநாயக்க தற்கொலைக் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். அவரோடு பலர் மாண்டார்கள். சந்தேகம் புலிகள்மீது விழுந்தது. பேச்சு நின்றது. கணவரை இழந்த ஸ்ரீமா திசாநாயக்க வேட்பாளரானார். தேர்தலுக்கு ஏறக்குறைய இரண்டு வாரமே இருந்தது.

இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. எதிர்க்கட்சி வேட்பாளர் குண்டுக்குப் பலியாகி, அவர் மனைவி வெள்ளைச் சேலையோடு வாக்குக் கேட்கும்போது, சமாதானம் பேசப்போனவருக்கு என்ன கிடைத்திருக்க வேண்டும்? எந்த ஆலோசகரும் பேச்சைக் கைவிடு, கடுமையாகப் பேசு என்றுதான் சொல்லியிருப்பார். சிங்கள விவசாயியும் மீனவரும் தோட்டத் தொழிலாளியும் நவம்பர் 9 அன்று போய் நூற்றுக்கு 62 பேர் என்ற கணக்கில் சமாதான வேட்பாளருக்கே போட்டுவிட்டு வந்தார்கள். மட்டக்களப்பில் நூற்றுக்கு 80-க்கும் மேல். இலங்கைத் தீவின் அரசியல் வரலாற்றில் வாக்காளர் தலைவர்களைவிட உயர்ந்து நின்ற நாள் அது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிக்ஸனின் வாக்காளர்களுக்கு அப்படி ஒரு தேர்வு கொடுக்கப்படவே இல்லை. அவர்களுக்குச் சொன்னதும் தனியறையில் பேசியதும் வேறு வேறு. சந்திரிகாவின் வாக்காளருக்குக் கேள்வி நேராகவே வைக்கப்பட்டது, அவர்களும் நேராகவே பதில் சொன்னார்கள்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

பதவியேற்பை ஒட்டிப் புலிகள் ஒரு வாரம் தாமாகவே போரை நிறுத்தினார்கள். 1995 ஜனவரி 8 முதல் இருதரப்புப் போர்நிறுத்தம். அரசுக் குழுவுக்குத் தலைமை அதிபரின் செயலாளர் பாலபட்டபெந்தி. கூட வந்தவர்கள் முன்பு யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த லயனல் பெர்னாண்டோ, வங்கித் துறையின் ராஜன் ஆசீர்வாதம், கட்டடக் கலைஞர் நவீன் குணரத்ன. மரியாதைக்குரியவர்கள்தாம், ஆனால் அமைச்சர் ஒருவர்கூட இல்லை. மேசையில் ஒரு வார்த்தை கொடுத்தால் அதைக் கொழும்பில் நிறைவேற்றும் அதிகாரம் அவர்களில் யாருக்கும் கிடையாது. எதிர்ப்பக்கம் கரிகாலனும் தமிழ்ச்செல்வனும். புலிகளின் தலைவர் பிரபாகரனுக்குப் பின்னால் ஆலோசகராக ஆன்டன் பாலசிங்கம். மீதி எல்லாம் கடிதம். சந்திரிகாவும் பிரபாகரனும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பின்னால் அச்சில் வந்தன. இரண்டு பேரும் நேரில் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. தொடக்கத்தில் மரியாதையாக ஆரம்பித்த கடிதங்கள் மாதம் செல்லச் செல்ல வழக்கறிஞர் அறிவிப்புகளாக மாறின.

கிஸ்ஸிங்கரோடு ஒப்பிட வேண்டியது இங்கேதான். கிஸ்ஸிங்கர் சொல்வது அதிபர் சொல்வதென்று லெ டுக் தோவுக்குத் தெரியும். அந்த நம்பிக்கைக்கு உரியவராக அவர் நடந்தாரா என்பது வேறு விஷயம், எடை இருந்தது. சந்திரிகாவிடம் அப்படிப்பட்ட எடையுள்ளவர்கள் இருந்தார்கள். சட்டப் பேராசிரியர் ஜி.எல். பீரிஸ் இருந்தார். வெளியே தமிழ்ச் சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் இருந்தார். அவர்களை அரசியல் தீர்வு வரைவு எழுத வைத்தார், யாழ்ப்பாணம் அனுப்பவில்லை. போர் உறவினர் அநுருத்த ரத்வத்தை கையில், சமாதானம் செயலாளர் கையில். எதற்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பது இந்தப் பங்கீட்டிலேயே தெரிந்துவிடுகிறது.

புலிகள் நான்கு கேட்டார்கள். தடையை முழுதாக நீக்க வேண்டும், மீன்பிடிக்கத் தடை கூடாது, பூநகரி முகாமை எடுக்க வேண்டும், கிழக்கில் தம் போராளிகள் ஆயுதத்தோடு நடமாடலாம். முதல் இரண்டும் அன்றாடம் மக்கள் சோறு சம்பந்தப்பட்டவை. அவற்றைச் சந்திரிகா முதல் மாதத்திலேயே முடித்திருக்க வேண்டும். கொழும்பு உத்தரவு போடும், சோதனைச் சாவடியில் லாரி நிற்கும். கடைசி இரண்டும் படை சம்பந்தப்பட்டவை. அவற்றுக்கு நேரம் எடுக்கும் என்பதைப் புலிகள் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். கெடு வைத்தார்கள், கெடுவைத் தள்ளினார்கள், ஏப்ரல் 18 அன்று விலகுவதாகக் கடிதம் எழுதினார்கள். மறுநாள் விடியுமுன் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படையின் இரண்டு கப்பல்களைத் தகர்த்தார்கள். முறிப்பதாக இருந்தால் 72 மணி நேரம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது இரண்டு தரப்பும் ஒப்பமிட்ட நிபந்தனை. அதை மதிக்காதது பெரிய தவறு. சிங்கள மக்களும் சேர்ந்து 62 விழுக்காட்டில் தந்த வாய்ப்பைப் புலிகளும் வாக்காகப் பார்க்கவில்லை, எதிரியின் வலிமையாக மட்டுமே பார்த்தார்கள். ஹனோய் கருத்துக்கணிப்பைப் படித்துத் தன் காலத்தைக் குறித்துக்கொண்டது. கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அந்த எண்ணில் மனிதர்கள் தெரியவில்லை.

ஒட்டன்சத்திரம் சந்தையில் இறங்கிய தக்காளியைப்போலத்தான் தேர்தல் ஆதரவும்; அன்றைக்கே விலைபோக வேண்டும். சந்திரிகா ஐந்து மாதம் கூடையில் வைத்திருந்தார். அதன் பிறகு அதே ஆதரவைச் 'சமாதானத்துக்கான போர்' என்ற பெயரில் செலவழித்தார். ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள்மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று பிராந்தியங்களின் ஒன்றியமாக இலங்கையை மாற்றும் திட்டம் வெளியானது. அதுவரை சிங்களத் தலைமை முன்வைத்தவற்றில் மிகத் தாராளமானது அது. பேச்சு மேசை இருந்தபோது வராத வரைவு, மேசை உடைந்த பின் வந்தது. மங்கள சமரவீர 'வெண்தாமரை' இயக்கம் என்று ஊர் ஊராகச் சமாதானம் பேசக் கிளம்பினார்; அதே நேரம் படை வலிகாமத்தில் முன்னேறிக்கொண்டிருந்தது. அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கான மக்கள் மழையில் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். புலிகளின் உத்தரவும் துரத்தியது, படையின் பீரங்கியும் துரத்தியது. டிசம்பரில் யாழ்ப்பாணம் பிடிபட்டதும் ரத்வத்தை பழங்காலத் தளபதியைப்போலச் சந்திரிகாவிடம் ஓலைச்சுருள் நீட்டினார்.

1999 டிசம்பரில் மறுபடி தேர்தல். மூன்று நாள் முன்பு கொழும்பு நகர மண்டபத்தில் புலிகளின் தற்கொலைக் குண்டில் சந்திரிகா ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அதே ஆண்டு ஜூலையில் நீலன் திருச்செல்வத்தைப் புலிகள் கொன்றிருந்தார்கள். சந்திரிகாவுக்குத் தேர்தலில் கிடைத்தது 51 விழுக்காடு. 2000 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்த புதிய அரசியலமைப்பு வரைவு, மூன்றில் இரண்டு பங்கு இல்லாமல் கைவிடப்பட்டது.

ஆக, நிக்ஸன் சமாதானத்தைத் தேர்தலுக்குச் சாதனமாக்கினார். சந்திரிகா தேர்தலைச் சமாதானத்துக்குச் சாதனமாக்க வந்தவர். பிறகு சாதனத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தார். முதலாவது ஏமாற்று. இரண்டாவது தவறிப்போன கடமை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. சந்திரிகா தம் மக்களிடம் பொய் சொல்லி வாக்கு வாங்கவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர் பக்கமிருந்து பார்த்தால் இந்த வேறுபாடு மெலிந்துபோகிறது. நவாலியில் தேவாலயத்தில் இருந்தவருக்கும் ஹனோயில் மருத்துவமனையில் இருந்தவருக்கும், மேலே பறந்த விமானம் எந்த எண்ணத்தில் கிளம்பியது என்பதால் என்ன ஆகப்போகிறது?

இருவருக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. நிக்ஸனின் கருத்துக்கணிப்பில் தென்வியட்நாமியர் இல்லை. இருக்க வழியும் இல்லை. இலங்கையில் வழி இருந்தும் தமிழர் பாதிதான் இருந்தார்கள். 1994 அதிபர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில். ஆகஸ்ட் நாடாளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தில் சுமார் பத்தாயிரம் வாக்குகளுக்கு ஈபிடிபி கட்சி சார்ந்த குழு ஒன்பது இடங்களைப் பெற்றது. காப்பு அணிந்த பெண்கள் பெரும்பாலும் வாக்களிக்கவில்லை. அவர்கள் இருந்த இடம் புலிகளின் கட்டுப்பாட்டில். அவர்களின் விருப்பம் கொழும்பின் கணக்கில் ஏறாமல் போனது. புலிகளோ அதைக் கேட்கவே இல்லை.

இன்னொரு கூட்டமும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி என்று திண்டுக்கல் வட்டாரத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் அமைந்தன. மண்டபம் முகாமில் பதிந்து, மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டு வந்தவர்கள். 1992 முதல் 1995 வரை தமிழ்நாட்டிலிருந்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பினார்கள். 1994-இன் நம்பிக்கையில் மூட்டை கட்டியவர்களும் அவர்களில் உண்டு. திருகோணமலையில் கப்பல் தகர்ந்த பிறகு அந்தப் பயணம் நின்றது. 1996 நடுவிலிருந்து படகுகள் மறுபடி ராமேசுவரம் கரைக்கு வரத் தொடங்கின. சில ஆண்டுகளில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். சைகோன் விழுந்த பின் வியட்நாமியர் படகேறியதை உலகம் முழுதும் படம் பிடித்தது. பாக் நீரிணைப் படகுகளுக்கு அவ்வளவு வெளிச்சம் கிடைக்கவில்லை.

2021-இல் தமிழ்நாடு அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகள் கட்டித் தரும் திட்டத்தை அறிவித்தது. 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 வீடுகள் திறக்கப்பட்டன. நல்ல வேலை. ஆனால் வீட்டுச் சாவியோடு வாக்குரிமை வரவில்லை. 2024 ஏப்ரல் 19 அன்று திண்டுக்கல் தொகுதி நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது; அங்கிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று இலங்கை புதிய அதிபரைத் தேர்ந்தெடுத்தது. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. 2019-இல் திருத்திய குடியுரிமைச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

ஒரு சிறிய கதவு மட்டும் திறந்திருக்கிறது. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்பது குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு. மண்டபம் முகாமில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண் இதைச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் 2022-இல் கடவுச்சீட்டுக்கு உத்தரவு பெற்றார். 2024-இல் வாக்கும் போட்டார். 1983-இலும் அதை அடுத்தும் வந்த குடும்பங்களில் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயதை ஒட்டியிருக்கும். அவர்களின் பிறப்புப் பதிவுகள் மண்டபத்திலும் மாவட்ட அலுவலகங்களிலும் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தனித்தனியாக வழக்குப் போட வேண்டியதில்லை. மாவட்ட நிர்வாகம் அந்தப் பதிவுகளைத் தானே எடுத்து, தகுதியுள்ளவர்கள் பெயரை அடுத்த வாக்காளர் பட்டியலுக்கு முன் சேர்க்கும் வேலையைத் தொடங்கலாம்.